கூலிக்கு வந்த துப்பாக்கி

ஏழுபேர் குதிரையேறி வருகின்றனர். ஊரோ ஏழை ஊர், உழவர் ஊர். விளைந்ததை வாரிச் செல்ல ஒரு கொள்ளைக் கூட்டம். வாரிக் கொடுத்துவிட்டு வயிற்றில் ஈரத்துணி இட்டுக் கிடக்க ஒரு மக்கள் கூட்டம். வருகின்ற எழுவரும் கூலிக்குச் சுடுவோர். சுடுகின்றனர், சாய்கின்றனர், ஊரை மீட்கின்றனர். எழுவரில் நால்வர் மண்ணுக்கு இரையாகின்றனர். ஒருவன் ஊரோடு தங்கிவிடுகிறான். எஞ்சிய இருவர் வந்த வழியே போய்விடுகின்றனர். கொட்டகை கைதட்டுகிறது!

1960இல் வெளிவந்த 'தி மேக்னிபிசன்ட் செவன்' என்னும் அமெரிக்கப் படத்தின் கதை இது. ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கியது. யூல் பிரின்னரும் ஸ்டீவ் மெக்குவீனும் சார்லஸ் பிரான்சனும் நடித்தது. அதற்கு ஆறாண்டு முன்னர், 1954இல், ஜப்பானின் அகிரா குரோசாவா எடுத்த 'ஏழு சாமுராய்' என்னும் படமே இதற்குத் தாய். 1975 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப் படத்தில் எழுவர் இருவராயினர். கூலி தந்து அழைக்கும் உழவர் மறைந்து, கூலி தந்து அழைக்கும் ஊர்ப் பெருந்தனக்காரர் வந்தார். தமிழிலோ, தொப்பியும் துப்பாக்கியுமாக ஜெய்சங்கரை நிறுத்தி 'கங்கா', 'ஜக்கம்மா' என்று 1972இல் படம் பிடித்தார் கர்ணன். 2016இல் அமெரிக்கர் எழுவரை மீண்டும் குதிரை ஏற்றினர். 2023இல் வந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' படத்திலோ, கிளின்ட் ஈஸ்ட்வுட் மீது நாயகனுக்குத் தீராக் காதல்! அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கூலித் துப்பாக்கிக்காரனுக்கு ஓய்வில்லை. அவனைக் கண்டு மயங்குவோர்க்கும் குறைவில்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியில் இருக்கிறோம் நாம். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் பெற்றோர் வெயிலில் காய, கைப்பேசியின் உள்ளங்கை அகலத் திரையில் இந்தப் படங்களைப் பார்த்து உள்ளம் பறிகொடுக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கிறோம். "பொழுதுபோக்குதானே, ஐயா! போகட்டும், விடுங்கள்" என்பார் உண்டு. பொழுது போகட்டும், தடையில்லை. பொழுதோடு சேர்ந்து நெஞ்சின் உரமும் போய்விடுகிறதா என்று கேட்பது ஆசிரியன் கடமையன்றோ? ஆகவே கேட்கிறோம்.

முதலில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படங்கள் வெறும் பதர் அல்ல. அமெரிக்கப் படத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் தெருவில் செத்துக் கிடக்கிறான். அமெரிக்க மண்ணின் பழங்குடியைச் சேர்ந்தவன். அடக்கச் செலவுக்கு யாரோ ஒரு வழிப்போக்கன் பணம் தந்தாயிற்று. ஆயினும் அவனை ஊர் இடுகாட்டில் புதைக்கக் கூடாதென்று மறிக்கின்றனர் சிலர். வெள்ளையர் உறங்கும் மண்ணில் செந்தோலன் உறங்குவதா என்பது அவர்கள் கேள்வி. வண்டியோட்டி அஞ்சி ஒதுங்குகிறான். அப்போது, யாரென்றே அறியாத இருவர் பிணவண்டியில் ஏறி அமர்ந்து, துப்பாக்கிகள் குறி பார்க்கும் தெருவழியே ஓட்டிச் சென்று, அந்த மனிதனுக்கு ஆறடி மண் வாங்கித் தருகின்றனர்.

இதைக் காணும் தமிழனுக்கு மெய்சிலிர்க்காமல் இருக்குமா? சுடுகாட்டுக்கும் சாதி வைத்த நாடல்லவா நம் நாடு! ஊர்த் தெருவழியே பிணத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்ததும், வயல்வரப்பிலும் வாய்க்கால் நீரிலும் பாடையைத் தூக்கிச் செல்ல வைத்ததும் அயல்நாட்டுக் கதையோ? உயிரோடு இருக்கையில் சேர்ந்து வாழ மறுத்தவன், செத்த பின்னும் சேர்ந்து மக்க மறுக்கிறான். அந்தக் கொடுமையை ஒருவன் எதிர்த்து நிற்கக் கண்டால் கைதட்டத்தான் செய்வோம். நாமும் தட்டினோம்.

ஆனால் கைதட்டிய கையோடு ஒரு கேள்வி: அந்த வண்டியை ஓட்ட அந்த ஊரில் ஓர் ஆளும் இல்லையா? வேடிக்கை பார்க்கத் தெருநிறையக் கூட்டம். வண்டியேற மட்டும் வெளியூர்க்காரன் வரவேண்டுமா? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அங்கேதான் மயக்கமருந்து தொடங்குகிறது!

இந்தப் படங்களின் கவர்ச்சி குதிரையிலும் இல்லை, குறி தவறாத கையிலும் இல்லை. நமது அச்சத்தை வேறொருவன் சுமப்பான், நமது சண்டையை வேறொருவன் போடுவான், நமது பழியை வேறொருவன் ஏற்பான், எல்லாம் முடிந்ததும் நம்மைத் தொல்லை செய்யாமல் ஊரைவிட்டே போய்விடுவான் என்னும் இனிய நினைப்பே அந்தக் கவர்ச்சி. கோயிலில் கற்பூரம் கொளுத்திக் "காப்பாற்று" என்பவனும், கொட்டகையில் சீட்டி அடித்துக் "காப்பாற்று" என்பவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்!

இதை முதலில் கண்டு முகம் சுளித்தவர்கள் மெக்சிக்கோ நாட்டினர். அமெரிக்கப் படம் எடுக்கப்பட்டது அவர்கள் மண்ணில். 1954இல் வந்த 'வெரா குரூஸ்' என்னும் படம் தம் மக்களை இழிவாகக் காட்டிற்று என்று அந்நாட்டார் முன்பே கொதித்திருந்தனர். ஆகவே இம்முறை தணிக்கையாளர் படப்பிடிப்புத் தளத்திலேயே வந்து நின்றனர். எங்கள் உழவர் அழுக்குடையில் தோன்றக் கூடாது என்றனர். எங்கள் உழவர் எல்லை தாண்டி ஆள் பிடிக்கப் போனதாகக் காட்டாதே, தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் துப்பாக்கி வாங்கப் போனதாகக் காட்டு என்றனர். அவ்வாறே கதை மாற்றப்பட்டது. உழவர் துப்பாக்கி வாங்கத்தான் போகின்றனர். துப்பாக்கியின் விலை அதிகம், ஆளின் விலை மலிவு என்று அங்கே அவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது, ஆளை அமர்த்துகின்றனர். கூலி எவ்வளவு? ஆறு வாரத்துக்கு 20 டாலர்!

அந்தத் தணிக்கையாளர் கலை அறிந்தவர்களோ, அறியாதவர்களோ. தன்மானம் அறிந்தவர்கள். "எங்கள் ஏழைக்கும் முதுகெலும்பு உண்டு" என்று வெள்ளித்திரையின் முன் நின்று கூறியவர்கள். மனிதனின் விலை துப்பாக்கியின் விலையைவிடக் குறைந்துபோன கொடுமையும் அதனால்தான் படத்தில் வெளிப்பட்டது.

உழவன் ஏன் கோழையானான்? பிறவியிலேயே கோழையா? இதற்கு விடை ஜப்பானியப் படத்தில் இருக்கிறது. சாமுராய் என்போர் அந்நாட்டின் போர்ச்சாதி. பிறப்பால் உயர்ந்தோர் எனப்பட்டோர். உழவர் நெல்லைப் பதுக்குகின்றனர், பொய் சொல்கின்றனர், அஞ்சி நடுங்குகின்றனர் என்று அவர்கள் இகழும்போது, எழுவரில் ஒருவன், உழவன் வயிற்றில் பிறந்து சாமுராய் வேடம் பூண்டவன், வெடித்து எழுகிறான். அவர்களை இப்படி ஆக்கியது யார், ஊரைக் கொளுத்தியும் பயிரைப் பறித்தும் பெண்டிரைச் சூறையாடியும் அவர்களைக் கூனிக் குறுக வைத்தது உங்கள் கூட்டமன்றோ என்று கேட்கிறான். சாமுராய்கள் தலை குனிகின்றனர். வரலாறும் அவன் பக்கமே நிற்கிறது. 1588இல் தோயோதோமி ஹிதேயோஷி என்னும் ஆட்சித் தலைவன், உழவர் கையில் ஒரு வாளும் இருக்கக் கூடாதென்று ஆணையிட்டு, நாடெங்கும் பறிமுதல் செய்தான். முதலில் வாளைப் பிடுங்கினர். பின்னர், "இவனுக்கு வீரம் இல்லை" என்று கதை எழுதினர்!

ஜப்பானும் மெக்சிக்கோவும் இருக்கட்டும். கூலித் துப்பாக்கியை விலைகொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை அறிய நமக்குத் திரைப்படமே வேண்டியதில்லை. பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றால் போதும். இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பேருந்துச் சன்னலில் இருந்தே தெரியும். பிள்ளைகள் சிற்றுலா போவார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த மதில் சொல்லும் கதையை எவரும் கேட்பதில்லை.

1751. ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்கு இருவர் அடித்துக்கொண்டனர்: சந்தா சாகிப் ஒருவர், முகம்மது அலி மற்றவர். சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கியை அழைத்தார். முகம்மது அலி ஆங்கிலக் கும்பினியின் துப்பாக்கியை அழைத்தார். இரு படைகளும் திருச்சிராப்பள்ளியைக் குறிவைத்து வந்து, வாலிகண்டபுரத்துப் பக்கம், இந்தக் கோட்டையின் காலடியில் மோதின. கோட்டைத் தலைவன் எப்பக்கம் சாய்வது என்று இரு தரப்போடும் பேரம் பேசிக்கொண்டிருந்தான். கும்பினிப் படைக்குத் தலைவன் ஜிஞ்சன். அந்தப் படையோடு இருந்தான் இராபர்ட் கிளைவ் என்னும் இளைஞனும். சண்டை என்று வந்தபோது கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் கலங்கி ஓடினர். திருச்சிராப்பள்ளி வரையில் பின்வாங்கியது அந்தப் படை.

படமாக இருந்தால், தோற்ற துப்பாக்கிக்காரன் மனம் திருந்தி மீண்டு வந்து, ஊரை மீட்டு, குதிரையேறி மறைவான். வரலாற்றிலும் மீண்டு வந்தான். ஆனால் மறையவில்லை! 1752இல் சந்தா சாகிபு மாண்டார். முகம்மது அலிக்குப் பட்டம் நிலைத்தது. கும்பினியின் கூலிப் பட்டியலும் நிலைத்தது. படைச்செலவு என்றனர், நவாபு கடன் பட்டார். கடனுக்கு வட்டி என்றனர், வட்டிக்கு வேறிடத்தில் கடன் பட்டார். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருவாயை எழுதி வாங்கினர். களத்துமேட்டில் நெல் அளந்தவன் உழவன். அதை வாரிச் சென்றவன் கடன் கொடுத்த வெள்ளையன். 1765இல் நவாபின் படை அரியலூர்ப் பாளையத்தையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றியபோதும் கும்பினியின் துப்பாக்கியே துணை. நவாபின் கடன் ஊழல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை நாறி, 1785இல் எட்மண்ட் பர்க் அங்கே எழுந்து நின்று அதைத் தோலுரித்தார். பயன்? 1801 சூலையில் கருநாடகத்து நவாபின் ஆட்சி முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், தென்சீமைப் பாளையங்களில் எவரும் படைக்கலம் ஏந்தக் கூடாது என்று எட்வர்ட் கிளைவ் பறையறைந்தான். வாலிகண்டபுரத்தில் நின்ற அந்த இராபர்ட் கிளைவின் மகன்தான் இந்த எட்வர்ட் கிளைவ்!

தந்தை கூலிக்கு வந்தான். மகன் குடியிருந்தவனை வெளியேற்றினான். ஐம்பதே ஆண்டு! கூலித் துப்பாக்கியின் முழுக்கதை இதுவே. ஹாலிவுட்டார் இதன் முதற்பாதியை மட்டும் எடுத்தனர். இரண்டாம் பாதியை நாம் வாழ்ந்தோம்.

"அது நவாபு காலம், இப்போது என்ன?" என்று கேட்கலாம். இப்போதும் உண்டு. செய்தி ஏட்டைப் பிரியுங்கள். "கூலிப்படையினர் கைது" என்று தலைப்பு. நிலத் தகராறா, தேர்தல் பகையா, சாதி மாறிய காதலா, பணம் கொடு, ஆளை முடி! திரையில் கூலிக்குச் சுடுபவன் மாவீரன். தெருவில் கூலிக்கு வெட்டுபவன் கொலைகாரன். இருவர் செய்யும் தொழிலும் ஒன்றே. வேறுபாடு, பின்னணி இசை மட்டுமே! அந்தக் கூலிப்படையில் பிடிபடுவோரின் வயதைப் பாருங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. நேற்று வரை நம் வகுப்பறையின் கடைசி வரிசையில் இருந்திருக்கக் கூடிய பிள்ளைகள். ஏவியவன் மாளிகையில்; ஏவப்பட்டவன் சிறையில். துப்பாக்கியைவிட ஆள் மலிவு என்று அந்தப் படத்தில் கூறப்பட்டதே, அது இன்றைய தமிழ்நாட்டிலும் பொய்யாகவில்லையே என்பதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது.

விந்தை ஒன்றும் உண்டு, நண்பர்களே! இந்தப் படத்தை எடுத்தோர்க்கே உண்மை தெரிந்திருக்கிறது. ஊர்ச் சிறுவர் சிலர், எழுவரில் ஒருவனான பிரான்சனை மொய்த்துக்கொண்டு, நீதான் வீரன், எங்கள் அப்பன்மார் கோழைகள் என்கின்றனர். அவன் மகிழவில்லை. சொன்ன பையனைப் பிடித்து முதுகில் நாலு போடுகிறான்! துப்பாக்கி தூக்குவது பெரிதல்ல. மனைவி மக்களைக் காக்கும் சுமையை ஏற்று, பலன் வருமா என்பதே தெரியாமல் நாளும் மண்ணோடு மல்லாடுகிறார்களே உங்கள் தந்தையர், அந்த வீரம் எனக்கு என்றும் இருந்ததில்லை என்கிறான். இறுதிச் சண்டையில் வெற்றி எப்படி வருகிறது? எழுவர் சுட்டதால் மட்டும் வரவில்லை. அதுவரை ஒடுங்கிக் கிடந்த ஊரார் மண்வெட்டியும் கத்தியும் கையில் கிடைத்ததுமாக வீதிக்கு வந்தபிறகே கொள்ளையர் கூட்டம் சிதறுகிறது. முடிவில், வென்றவர் உழவரே, நாங்கள் தோற்றவர் என்று ஒப்புக்கொள்கிறான் எழுவரின் தலைவன். எழுவரில் இளையவன் ஊரோடு தங்கிவிடுகிறான், துப்பாக்கிக் கச்சையைக் கழற்றி வைத்துவிட்டு!

கதை இவ்வளவும் சொல்கிறது. ஆயினும் நம் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்வது எதை? யூல் பிரின்னரின் கறுப்பு உடையை, மெக்குவீனின் தொப்பியை. மண்வெட்டி எடுத்த உழவனின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. சுவரொட்டியில் அவன் முகம் இல்லையே! 'ஷோலே'யில் அதுவும் போயிற்று. ஊரார் இறுதிவரை வேடிக்கை பார்ப்பவர்களே. நாயகன் வளர வளர, ஊர் குறுகிக்கொண்டே போகிறது. ஐம்பது பேரை ஒரே கையால் அடிக்கும் நாயகனைப் படைக்க வேண்டுமானால், ஐயாயிரம் பேரைக் கையாலாகாதவராகக் காட்டியாக வேண்டும். அந்த ஐயாயிரம் பேர் யார்? சீட்டு வாங்கி உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான்!

தமிழன் வீரனை மதித்த முறை இதுவல்ல. ஆநிரை கவர்ந்தவனைத் துரத்திச் சென்று மீட்பதைக் கரந்தை என்று இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். மீட்கும்போது மாண்டவனுக்கு நடுகல் நட்டனர். அந்தக் கல்லுக்கு உரியவன் யார்? வழிப்போக்கனா? வாடகை வீரனா? அந்த ஊரின் மாடு, அந்த ஊரின் மகன்! கூலி பெற்றதற்காக அன்று, ஊரை மீட்கத் தன் உயிரைத் தந்ததற்காக அவன் பெயரைப் பொறித்தனர். அரண்மனைகள் மண்மேடான பின்னும் நடுகற்கள் நிற்கின்றன.

இன்று ஆநிரை கவர வருவோர் குதிரையில் வருவதில்லை. 2016இல் மீண்டும் எடுத்த அமெரிக்கப் படம் இதைச் சரியாகவே கண்டுகொண்டது. அதில் ஊரை மிரட்டுபவன் மலைக் கொள்ளைக்காரன் அல்லன். நிலத்தைப் பிடுங்கும் சுரங்க முதலாளி! சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் சூழ்ந்த அரியலூரில் வாழ்வோர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. தோண்டிய குழியும் லாரி கிளப்பும் புழுதியும் அவர்கள் கண்முன் இருக்கின்றன.

அந்த அரியலூர் மாவட்டத்தில்தான் செயங்கொண்டம் இருக்கிறது. 1990களில், பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்கப் போகிறோம் என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை எடுத்தனர். தந்த விலை குறைவு. உழவர் என்ன செய்தனர்? எந்த யூல் பிரின்னரையும் தேடிப் போகவில்லை. மனு எழுதினர், மறியல் செய்தனர், நீதிமன்றப் படி ஏறினர், இறங்கினர், மீண்டும் ஏறினர். இருபது ஆண்டுகளுக்கு மேல்! வழக்குத் தொடுத்தவர் சிலர் மாண்டனர், மக்கள் தொடர்ந்தனர். மின் நிலையம் எழவேயில்லை. நிலத்தை உழவருக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது.

இதற்குப் படம் உண்டா? பாட்டு உண்டா? குதிரை இல்லையே, குண்டு வெடிக்கவில்லையே, எவன் எடுப்பான்! பேருந்து ஏறி நீதிமன்றம் போய், வாய்தா வாங்கி, வெறுங்கையோடு திரும்பி, மறுமாதம் மீண்டும் போகும் கிழவனின் வீரத்துக்குக் குளம்பொலி கிடையாது. ஆனால் நிலத்தை மீட்டது அந்தக் கிழவனே, தோழர்களே!

ஆகவே நாம் சொல்வது இது. படத்தைப் பாருங்கள். நல்ல படம்; நன்றாகவே பாருங்கள். பார்க்கும்போது கண்ணைக் குதிரையின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஓரத்தில் வெள்ளுடையில் நிற்கிறானே உழவன், அவனைப் பாருங்கள். அவன் எப்போது நடுங்கினான், எப்போது மண்வெட்டியை எடுத்தான், இடையில் அவன் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன என்று பாருங்கள். பிள்ளைகளிடம் அதைக் கேளுங்கள். ஆசிரியராயின் வகுப்பில் கேளுங்கள். பெற்றோராயின் சோறு உண்ணும்போது கேளுங்கள். சிற்றுலாவுக்கு இரஞ்சன்குடி போனால், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கூலிக்கு வந்தவன் குடியிருந்தவனை விரட்டிய கதையை அந்த மதிலடியில் நின்று சொல்லுங்கள்.

உரிமைக்கு இன்று துப்பாக்கி தேவையில்லை. வாக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. இவை நான்கும் நம் கையில் இருக்க, நமக்காக ஒருவன் குதிரையேறி வருவான் என்று எல்லைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஏமாளித்தனம். வந்தால் என்ன ஆகும் என்பதை 1801 சொல்லிற்று. வராவிட்டால் என்ன செய்யலாம் என்பதைச் செயங்கொண்டம் சொல்லிற்று.

ஊரில் பிணம் ஒன்று மறிக்கப்பட்டுக் கிடந்தால், வண்டியோட்ட வெளியூர்க்காரன் வருவான் என்று காத்திராதே, இளைஞனே! கடிவாளம் அங்கேயே கிடக்கிறது. எடு!